ஓராண்டுக் கணக்கில் அடங்காத குழந்தை மனம்

மார்ச் மாதம் முடிந்ததும் தொண்டு நிறுவன அலுவலகங்களில் ஆண்டறிக்கை வேலை சூடுபிடித்துவிடும். குழந்தைகளின் மனநலத்துக்காக இயங்கும் நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. எத்தனை பள்ளிகளில் விழிப்புணர்வு முகாம், எத்தனை அமர்வுகள், எத்தனை பயனாளிகள் என்று பட்டியல் நீளும். வழவழப்பான அட்டையில் குழந்தைகள் சிரிப்பார்கள். சந்தித்த சவால்களுக்கு ஒரு பக்கம், கண்ட வளர்ச்சிக்குப் பத்துப் பக்கம். எல்லா எண்களும் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கும். படித்து முடித்த பிறகும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது: இந்த ஓராண்டில் குழந்தைகளைப் பற்றி இந்த நிறுவனம் புதிதாக என்ன தெரிந்துகொண்டது?

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொன்ன ஓர் ஆண்டறிக்கை உண்டு. 1942-ல் லண்டனில் வெளியான சிறு நூல் அது. போர்க்காலத்து இளங்குழந்தைகள் என்பது தலைப்பு. ஒரு போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தின் ஓராண்டுப் பணி என்பது துணைத்தலைப்பு. எழுதியவர்கள் அன்னா ஃபிராய்டும் அவருடைய தோழி டாரதி பர்லிங்ஹாமும். எண்பது ஆண்டுகளைக் கடந்தும் குழந்தை மனநலம் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அறிக்கையை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் நிறுவனங்களும், அவற்றுக்குப் பணம் கொடுப்பவர்களும், அரசும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

குண்டு மழையில் ஓர் இல்லம்

உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டின் கடைசி மகள் அன்னா. பள்ளி ஆசிரியையாகத் தொழிலைத் தொடங்கியவர். 1937-ல் வியன்னாவில் ஏழைத் தொழிலாளர்களின் கைக்குழந்தைகளுக்காகத் தோழிகளுடன் சேர்ந்து ஒரு சிறு காப்பகம் நடத்தினார். அடுத்த ஆண்டே ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது, காப்பகம் மூடப்பட்டது. நோயுற்ற தந்தையோடு லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. அதே மாதம் தந்தையும் இறந்தார்.

குண்டுவீச்சுக்கு அஞ்சி, போர் தொடங்கிய முதல் சில நாள்களிலேயே சுமார் 15 லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, பிரிட்டிஷ் அரசு நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பிவிட்டது. 1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் மீது ஜெர்மன் விமானங்களின் தொடர் தாக்குதல் ஆரம்பமானது. எட்டு வாரங்களுக்கு ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் குண்டு விழுந்தது. வீடிழந்த குடும்பங்கள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கின. அப்பா போர்முனையில், அம்மா ஆயுதத் தொழிற்சாலையில். பச்சைக் குழந்தையை எங்கே விடுவது?

இந்த நிலையில்தான் 1941-ன் தொடக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னாவும் டாரதியும் ஓர் இல்லம் திறந்தார்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே கைக்குழந்தைகளுக்குத் தனியாக இன்னொன்றும், எஸ்ஸெக்ஸ் கிராமப்புறத்தில் மூன்றாவதும் சேர்ந்துகொண்டன. மூன்றிலும் சேர்த்து எண்பது குழந்தைகள் வரை தங்கினார்கள். அடித்தளத்தைப் பதுங்கறையாக மாற்றி, அடுக்குக் கட்டில் போட்டுக் குழந்தைகளை உறங்கவைத்தார்கள். ஊழியர்களில் பலர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த அகதிப் பெண்கள். பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1937-ல் தொடங்கப்பட்ட 'ஃபாஸ்டர் பேரன்ட்ஸ் பிளான்' என்ற அமைப்பு அதைத் திரட்டித் தந்தது. இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் இயங்கும் 'பிளான் இன்டர்நேஷனல்' அதன் வாரிசுதான்.

குண்டைவிடக் கொடியது

ரேஷன் உணவு, ஆள் பற்றாக்குறை, தொற்றுநோய், ஜன்னலை அதிரவைக்கும் வெடிச் சத்தம். ஓர் ஆண்டறிக்கையை நிரப்ப இந்தச் சவால்களே போதும். ஆனால் அந்த நூல் பேசியது வேறொன்றை. போர் உயிருக்கு உலைவைக்கிறது என்பது சின்னக் குழந்தையைப் பெரிதாக அசைப்பதில்லை. அது குடும்பத்தைக் கலைத்துத் தாயிடமிருந்து பிரிக்கும்போதுதான் குழந்தை உடைந்துபோகிறது என்று அவர்கள் கண்டார்கள். குண்டுவீச்சின்போது தாய் நிதானமாக இருந்தால் அவள் மடியில் குழந்தை தூங்கியது. அவள் நடுங்கினால் குழந்தையும் நடுங்கியது. பாதுகாப்பான கிராமத்துக்குத் தனியே அனுப்பப்பட்ட குழந்தைகளோ படுக்கையை நனைத்தார்கள், பேச்சை மறந்தார்கள், உணவை வெறுத்தார்கள். உயிரைக் காப்பாற்ற அரசு செய்த ஏற்பாடே பல குழந்தைகளின் மனத்தில் காயத்தை ஏற்படுத்தியிருந்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் என்பதால் இதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

மூன்று வயதைத் தாண்டிய ஒரு சிறுவனைப் பற்றி அந்த நூல் விவரிக்கிறது. அழாமல் சமர்த்தாக இருந்தால்தான் பார்க்க வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அம்மா. அவனும் அழவில்லை. யாராவது தன்னைப் பார்த்தால் தலையை ஆட்டி, அம்மா வருவாள், மேல்கோட்டை மாட்டிவிடுவாள், வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நாள் போகப்போக ஜிப்பை இழுத்துவிடுவாள், குல்லாயைப் போட்டுவிடுவாள் என்று விவரங்கள் கூடின. எந்நேரமும் இதையே சொல்கிறாயே என்று யாரோ கேட்டுவிட, அதற்கும் கட்டுப்பட்டான். வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தினான். கோட்டு மாட்டுவது, ஜிப் இழுப்பது, குல்லாய் போடுவது எல்லாவற்றையும் கையாலேயே நடித்துக் காட்டினான். கடைசியில் அந்த அசைவுகளும் சுருங்கிப்போயின. மற்றக் குழந்தைகள் விளையாடும்போது அவன் ஒரு மூலையில் நின்று விரல்களையும் உதடுகளையும் மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

'குழந்தை நன்றாகப் பழகிவிட்டது, அழுவதே இல்லை' என்று நம் இல்லங்களின் பதிவேடுகளில் எழுதுகிறோமே, அந்த வாக்கியத்தை இந்தச் சிறுவனோடு சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிறுவனுக்கு நான்கு வயது. அப்பா குண்டுவீச்சில் இறந்துவிட்டார். அதைத் தாங்க முடியாத அம்மா மனநல மருத்துவமனையில். அவன் காகிதத்தில் வீடுகள் கட்டி, மேலிருந்து கோலிக்குண்டுகளைப் போட்டு இடித்து விளையாடுவான். பிற குழந்தைகளின் விளையாட்டில் ஆள்கள் செத்துப்போவார்கள். இவனுடைய விளையாட்டில் எல்லாரும் கடைசி நேரத்தில் தப்பிவிடுவார்கள். வீடும் உடனே எழுந்துவிடும். அப்பா சாகவில்லை என்று சாதிக்க அவனுக்கு அது ஒன்றே வழி. மாதக்கணக்கில் இதே விளையாட்டு. ஒருநாள் அப்பா இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று அவனே பேசத் தொடங்கினான். அதன்பின் அந்த விளையாட்டு தேவைப்படவில்லை. அந்த மாதங்கள் முழுக்க அவனை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்த ஆள்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்பதே இங்கே முக்கியம்.

கற்றதும் மாற்றியதும்

கண்டதை எழுதிவைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, நடைமுறையையே மாற்றினார்கள். குழந்தைகள் இல்லங்களில் பெற்றோர் வர நேரம் குறித்திருந்த காலம் அது. ஹாம்ப்ஸ்டெட்டில் அம்மாவும் அப்பாவும் எந்த நேரத்திலும் வரலாம். இரவு வேலை முடித்து வரும் தாய், தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம். கைக்குழந்தையுள்ள தாய்மார்களுக்கு இல்லத்திலேயே வேலை கொடுத்து, தாய்ப்பால் தொடர வழிசெய்தார்கள். பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுது ரகளை செய்கிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்ற பழைய நிர்வாக ஞானத்தை ஒதுக்கினார்கள். அழுகை அவர்களுக்கு நல்ல அறிகுறியாகத் தெரிந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. முதலில் எல்லாப் பணிப்பெண்களும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். வேலை ஒழுங்காக நடந்தது. குழந்தைகளும் சொன்னபடி கேட்டார்கள். ஆனால் பேச்சு வளரவில்லை, கழிப்பறைப் பழக்கம் படியவில்லை. எனவே நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு பெண் என்று பிரித்துச் சிறு 'குடும்பங்கள்' ஆக்கினார்கள். யாரிடம் எந்தக் குழந்தை ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் பிரித்தார்கள். உடனே இல்லம் களேபரமானது. என் ஆள், உன் ஆள் என்று சண்டை. அவள் அறையைவிட்டு வெளியே போனால் அலறல். இன்னொரு குழந்தையைத் தூக்கினால் பொறாமை, கடி. ஒழுங்கு குலைந்துவிட்டது என்று எந்த ஆய்வாளரும் எழுதியிருப்பார். சில வாரங்களில் கொந்தளிப்பு தணிந்தது. அதுவரை பின்தங்கியிருந்த பேச்சும் பழக்கவழக்கங்களும் மளமளவென்று முன்னேறின. யாரோ ஒருவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் குழந்தை எதையும் கற்றுக்கொள்கிறது. அந்த 'யார்' ஆளுக்கொரு வேளை மாறிக்கொண்டிருந்தால் கற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

அங்கே வேலைபார்த்த எல்லாருக்கும் ஒரு கட்டாயம் இருந்தது. குழந்தையிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுத வேண்டும். கட்டடப் பழுது பார்க்கவும் தீக்காவல் இருக்கவும் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் எழுதினார். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளையான அவர் அந்த அட்டைகளில்தான் குழந்தையைப் பார்க்கக் கற்றார். பிற்காலத்தில் அறிஞர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றினார். மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை 1952-ல் படம்பிடித்துக் காட்டினார். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் முதலில் கோபப்பட்டார்கள். 1959-ல் பிரிட்டனில் அரசுக் குழுவொன்று, மருத்துவமனையில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த மாற்றத்தில் ராபர்ட்சனின் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இல்லங்கள் 1945-ல் மூடப்பட்டன. ஆனால் அங்கே பயின்ற ஊழியர்களைக் கொண்டு 1947-ல் குழந்தை மனநலப் பயிற்சிப் படிப்பும் 1952-ல் சிகிச்சை மையமும் தொடங்கின. அந்த நிறுவனம் இன்றும் லண்டனில் அன்னா ஃபிராய்டின் பெயரில் இயங்குகிறது. கட்டடம் போனாலும் ஆள்களும் அறிவும் மிஞ்சினார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் வளர்ச்சி என்றால் அதுதான்.

நிதி தந்தவர்களுக்கு அவர்கள் மாதந்தோறும் அறிக்கை அனுப்பினார்கள். கடல் கடந்த நன்கொடையாளர்களுக்குப் போன அந்த அறிக்கைகளில் சமையல், நோய், செலவு எல்லாம் உண்டு. கூடவே எது பலிக்கவில்லை, எந்தக் குழந்தை இன்னும் தேறவில்லை என்பதும் இருந்தது. நல்ல இல்லமேகூடத் தாய்க்கு ஈடாகாது என்று, இல்லம் நடத்திய அவர்களே எழுதினார்கள். தான் நடத்தும் நிறுவனத்தின் எல்லையை நன்கொடையாளருக்கே எழுதிக் காட்டும் துணிவு இன்று எத்தனை பேருக்கு இருக்கிறது?

நம் சட்டமும் நம் நடைமுறையும்

இந்தியாவில் சட்டம் இந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் வறுமையிலோ ஆதரவின்றியோ இருக்கும் குழந்தை, குடும்பத்தோடு வளர மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண் இயங்குகிறது.

தேவையின் அளவோ மலைக்கவைக்கிறது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. உடனடி உதவி தேவைப்படும் வளரிளம் பருவத்தினர் ஏறக்குறைய 98 லட்சம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. கொரோனாவுக்கு முந்தைய கணக்கு இது. 2022-ல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்துள்ளது.

இவ்வளவு பெரிய தேவைக்கு முன்னால் நாம் வைத்திருக்கும் ஏற்பாடு எது? பள்ளியோ, இல்லமோ, மாவட்ட அலுவலகமோ, குழந்தையோடு உட்கார்ந்து பேச வேண்டிய ஆற்றுப்படுத்துநர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். தொண்டு நிறுவனத்தில் இருப்பவர் நிதி வரும்வரை இருப்பார். 'ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு' என்பது இத்துறையில் அன்றாடம் காதில் விழும் வாக்கியம். திட்டம் முடிந்தால் ஆள் போய்விடுவார். வீட்டில் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று ஆறு மாதமாகத் தயங்கி, ஏழாம் மாதம் பாதியைச் சொல்லத் தொடங்கிய சிறுமிக்கு, அடுத்த நிதியாண்டில் வேறொரு 'அக்கா' வருவார். பெயர், ஊர், வகுப்பு என்று முதலிலிருந்து கேட்பார். சொன்ன பாதி ஒரு கோப்பில் இருக்கும். சொல்லாத பாதி அந்தச் சிறுமியிடமே தங்கிவிடும்.

நட்டவர் ஒருவர், தண்ணீர் ஊற்ற ஆண்டுக்கு ஒருவர் என்று டெண்டர் விட்டால் எந்தக் கன்றும் மரமாகாது. குழந்தை மனநலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

சுனாமி இதை நமக்குக் காட்டியது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்து குவிந்த தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கவே தனியாக ஒரு மையம் தேவைப்பட்டது. வரைவதற்கு வண்ணப் பென்சில்கள் வந்தன, பொம்மைகள் வந்தன, மனநல ஆலோசனை தருகிறவர்களும் வந்தார்கள். அவர்களில் பலர் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். உள்ளூர் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் பயிற்சி தந்தன. அந்தப் பணி பயன் தந்ததற்குக் காரணம் எளிது: பயிற்சி பெற்றவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

ஈழத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996-ல் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். மண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். வந்த குழந்தைகள் பல மாதங்கள் தொடர்ந்து வந்தார்கள். அவர்களோடு இருந்தவர்கள், அதே போரைத் தாங்களும் அனுபவித்த உள்ளூர் இளைஞர்கள். ஹாம்ப்ஸ்டெட்டின் அகதிப் பெண்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

1098 சொல்லும் பாடம்

நம் நாட்டுத் தொண்டுத் துறையின் சாதனைகளில் ஒன்று 1098. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக 1996-ல் தொடங்கிய 'சைல்டுலைன்', ஒரு தொலைபேசி எண்ணை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தது. உள்ளூர் தொண்டு நிறுவனங்களின் இளைஞர்கள் இரவிலும் ஓடிப்போய்ப் பேருந்து நிலையத்திலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் குழந்தைகளை மீட்டார்கள். 2023-ல் அந்தச் சேவையை அரசு தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அரசு பொறுப்பேற்பது வரவேற்க வேண்டியதே. குழந்தைப் பாதுகாப்பு நன்கொடையை நம்பி நிற்கக் கூடாது. ஆனால், எண்ணை ஒப்படைப்பதுபோல் உறவை ஒப்படைக்க முடியாது. மாவட்டத்தின் சந்து பொந்துகளையும், காவல் நிலைய எழுத்தரையும், ஊர்த் தலைவரையும், அழைத்த குழந்தையின் குரலையும் அறிந்த ஓர் ஊழியர் வெளியேறும்போது என்ன இழக்கிறோம் என்பதைக் கணக்கிட நம்மிடம் படிவம் இல்லை.

நிதி விதிகளும் இதே குறையோடுதான் இருக்கின்றன. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பல ஆண்டுத் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள்தான் உச்சவரம்பு. நடைமுறையில் பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தையே விரும்புகின்றன. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு சிறு நிறுவனத்துக்குப் பகிர்வதையும் தடுத்தது. பள்ளிக் கட்டடமோ குடிநீர்த் தொட்டியோ கட்டும் நிறுவனம் இதைச் சமாளிக்கும். மனநலப் பணியிலோ ஆள்தான் கட்டடம், ஆள்தான் தொட்டி. சம்பளம் என்ற தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் நன்கொடையாளர், அந்தப் பணியின் உயிரையே வெட்டச் சொல்கிறார்.

எதிர்வாதமும் பதிலும்

இதற்கு மறுப்பு உண்டு. தொண்டு நிறுவனங்களில் முறைகேடு நடக்காமலா இருக்கிறது? கணக்குக் கேட்காமல் ஐந்தாண்டுக்குப் பணத்தைக் கொட்ட முடியுமா? இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்பட்ட வழக்குகளில் குற்றவாளிகள் பலர் நீண்ட நாள் பணியாற்றியவர்கள்தானே? நியாயமான கேள்விகள்தான். ஆகவே கண்காணிப்பு தளரக் கூடாது. இல்லங்களில் திடீர் ஆய்வு வேண்டும். குழந்தைகள் நலக் குழுக்கள் குழந்தைகளைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். ஊழியர்களின் பின்புலம் சரிபார்க்கப்பட வேண்டும். ஹாம்ப்ஸ்டெட்டிலும் யாரும் தன் அறைக்குள் தனி ராஜ்ஜியம் நடத்தவில்லை. எல்லாருடைய கவனிப்பும் எழுத்தில் பதிவாகி, எல்லாராலும் விவாதிக்கப்பட்டது. கதவு எந்நேரமும் பெற்றோருக்குத் திறந்திருந்தது. திறந்த கதவுதான் சிறந்த தணிக்கை. ஆண்டுக்கொரு முறை ஆளை மாற்றுவது கண்காணிப்பு ஆகாது. சொல்லப்போனால், நம்பிக்கையான ஓர் ஆள் தொடர்ந்து பக்கத்தில் இருந்தால்தான் தனக்கு நேர்ந்த கொடுமையைக் குழந்தை வெளியே சொல்லும்.

இன்னொரு மறுப்பு, பணப் பற்றாக்குறை. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஆற்றுப்படுத்துநரை எங்கே தேடுவது? தேட வேண்டியதில்லை. ஹாம்ப்ஸ்டெட்டின் பணிப்பெண்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். நிபுணர்களின் வழிகாட்டலில் வேலைபார்த்துக்கொண்டே கற்ற இளம்பெண்கள். நம்மிடம் அங்கன்வாடிப் பணியாளர்கள் இருக்கிறார்கள், விடுதிக் காப்பாளர்கள் இருக்கிறார்கள், ஊரைவிட்டுப் போகாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி, மாதந்தோறும் ஒரு நிபுணரோடு கலந்து பேசும் வாய்ப்பு, மாதம் தவறாத சம்பளம் ஆகிய மூன்றும் போதும். வேனில் வந்து ஒரு பள்ளியில் ஒரு நாள் பேசிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் நிபுணரைவிட, தினமும் அதே முகத்தோடு வாசலில் நிற்கும் காப்பாளரால் குழந்தைக்கு நன்மை அதிகம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, குழந்தை மனநலப் பணிக்குத் தரப்படும் அரசு நிதியும் கம்பெனி நிதியும் குறைந்தது ஐந்தாண்டு கால அளவில் இருக்க வேண்டும். விதி இடம் தராவிட்டால் விதியைத் திருத்த வேண்டும். இரண்டாவதாக, ஆற்றுப்படுத்துநர் பணியிடங்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்து நிரந்தரமாக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்றிரண்டாவது உடனே தொடங்கலாம். மூன்றாவதாக, ஓர் ஊழியர் விலகும்போது குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லி, புதியவரை அறிமுகப்படுத்தி, இருவரும் சில வாரங்கள் சேர்ந்திருந்து ஒப்படைக்கும் முறை கட்டாயமாக வேண்டும். விடைபெறாமல் மறைந்துபோகும் பெரியவர்களை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

நான்காவது, ஆண்டறிக்கையின் வடிவம். எத்தனை அமர்வுகள் என்பதோடு, ஓர் ஊழியர் சராசரியாக எத்தனை ஆண்டுகள் தங்குகிறார், எத்தனை குழந்தைகள் இல்லத்திலிருந்து குடும்பத்துக்குத் திரும்பினார்கள், பெற்றோர் எத்தனை முறை வந்து பார்த்தார்கள், இந்த ஆண்டு எந்த முறை பலிக்கவில்லை, அதை எப்படி மாற்றினோம் என்ற விவரங்களும் இடம்பெறட்டும். தோல்வியை எழுதும் நிறுவனத்தின் நிதியை வெட்டாமல், அதற்காகவே அதை நம்பும் பக்குவம் நிதி தருவோருக்கு வர வேண்டும்.

வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. பிறந்தநாள், திருமண நாள், திதி என்றால் குழந்தைகள் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது நம்மிடையே நல்ல வழக்கமாக வேரூன்றியிருக்கிறது. வடை பாயசத்தோடு சாப்பாடு, குழந்தைகள் சேர்ந்து பாடும் வாழ்த்து, ஒரு புகைப்படம். மறுநாள் வேறொரு குடும்பம், வேறொரு பாட்டு. ஒவ்வொரு நாளும் புதிதாக வரும் 'மாமா, அத்தை'களுக்கு வாழ்த்துப் பாடி, அவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று பழகிப்போன குழந்தைக்கு அந்தப் பாயசம் எவ்வளவு இனித்திருக்கும்? அதே பணத்தை மாதாமாதம் ஒரு பணியாளரின் சம்பளத்துக்கென்று தந்தால் அது குழந்தையின் மனத்துக்குப் போய்ச் சேரும்.

அடுத்த முறை குழந்தைகளுக்காக இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு நன்கொடை எழுதுவதற்கு முன் பொறுப்பாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இங்கே குழந்தைகளோடு இருப்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்? அவர்கள் தொடர்ந்து இருக்க எங்கள் பணம் உதவுமா? உதவும் என்று பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் மறக்காமல் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த குழந்தையோ மாணவரோ மனம் தளர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணிலோ 1098 என்ற எண்ணிலோ இன்றே பேசுங்கள். பேசிய பிறகும் அந்தக் குழந்தையின் பக்கத்தில் இருங்கள்.